சும்மா வந்த பெட்டி

கிரெடிட் கார்டு விளம்பரம் எது வந்தாலும் என் கணவர் கடைசிப் பக்கத்துப் பரிசுப் படத்தைத்தான் முதலில் பார்ப்பார். கட்டணப் பட்டியல் பக்கம் போவதேயில்லை. எழுத்து சின்னதாம், கண் வலிக்குமாம்.

எங்கள் பழைய கார்டில் ஒரு லட்சத்து இருபதாயிரம் நிலுவை. மாத வட்டி நாலாயிரத்து இருநூறு. அதைக் கட்டத்தான் பள்ளி அலுவலக வேலை முடிந்ததும் நான் பார்சல் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நின்றபடி டேப் ஒட்ட வேண்டும். பார்சலுக்கு இரண்டு ரூபாய், மாலைக்கு எண்பத்து நாலு பார்சல். இருபத்தைந்து நாள் நின்றால் அதே நாலாயிரத்து இருநூறு. வங்கிக்கும் எனக்கும் அப்படியொரு பொருத்தம்.

நிலுவையை வேறு கார்டுக்கு மாற்றிவிடலாம் என்று இரண்டு விண்ணப்பங்கள் வாங்கி வந்தேன்.

"இதைப் பாரு, சிவப்புப் பெட்டி தர்றான். ஏர்போர்ட் லவுஞ்ச் வேற சும்மா!" என்றார்.

"நாம எப்பங்க பிளேன்ல போயிருக்கோம்?"

"லவுஞ்ச் இல்லாமதான் போகலன்னு வெச்சுக்கோயேன்."

"மாத்துறதுக்கே ஆறாயிரம். வருஷத்துக்கு மூவாயிரம். மூணு மாசத்துல வட்டி ஆரம்பிச்சுடும்."

"பாயின்ட் வரும்ல?"

"மாத்துன கடனுக்குக் கிடையாதாம். போட்டிருக்கான்."

"எங்க?"

"உங்க கண் வலிக்கிற இடத்துல."

இன்னொரு கார்டில் பரிசு என்று ஒரு பேனாகூடக் கிடையாது. மாற்றுக் கட்டணம் இரண்டாயிரத்து நானூறு. ஆறு மாதம் வட்டியில்லை. மாதம் இருபதாயிரம் சொச்சம், பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினால் அதன்பின் கொட்டகை கிடையாது. மாலை ஆறு மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்றே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிவப்புப் பெட்டியை நானும் இரண்டு தடவை பார்த்தேன். அதில் என் துணிகளை மட்டும் மடித்து வைப்பதுபோல நினைத்தும் பார்த்தேன். அப்புறம்தான் பேனாகூடத் தராத கார்டில் கையெழுத்துப் போட்டேன்.

அவருக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு வேலை: பழைய கார்டை மூடுவது. கேட்டபோதெல்லாம் "ஆச்சு, ஆச்சு" என்றார்.

மூன்றாம் மாதம் ஒருநாள் கொட்டகையிலிருந்து வந்தால், கூடத்தில் அதேபோல ஒரு சிவப்புப் பெட்டி.

"சும்மா குடுத்தான்!"

"யாரு?"

"பழைய கார்டுக்காரன்தான். மூடலாம்னு போன் பண்ணேன், அந்தப் பொண்ணு கெஞ்சுச்சு. முப்பதாயிரத்துக்கு ஏதாவது வாங்கினா பெட்டி சும்மாவாம். நம்ம கடன்தான் தீர்ந்துடுச்சே, கார்டு காலியாத்தானே கிடந்துச்சு?"

"தீரலங்க. இடம் மாறியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அப்படி என்ன வாங்குனீங்க?"

முகமெல்லாம் பல்லாக ஒரு போர்வையை விலக்கினார். கால் அமுக்கும் மெஷின்.

"உனக்குத்தான். நின்னு நின்னு கால் விட்டுப்போச்சுன்னு சொன்னியேம்மா."

திட்ட வாயெடுத்தவள் காலை உள்ளே வைத்துவிட்டேன். சுகமாக இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. பாசம் இல்லையென்று சொல்லிவிட முடிந்தால் எவ்வளவு சௌகரியம்! அவரிடம் பாசம் இருந்தது. பில் மட்டும் என் பேருக்கு வந்தது. மெஷின் பிசையப் பிசைய மனக்கணக்குப் போட்டேன். முப்பதாயிரம் என்றால் பதினைந்தாயிரம் பார்சல். கிட்டத்தட்ட நூற்றெண்பது மாலை. என் கால்வலி தீர நான் இன்னும் நூற்றெண்பது மாலை நிற்க வேண்டும்.

மறுநாள் அவரையும் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். கொட்டகைக்காரம்மாவை நாங்கள் டேப் அக்கா என்போம்.

"அக்கா, இனிமே எனக்குப் பதிலா இவர் வருவாரு."

"கை யாரோடதா இருந்தா எனக்கென்ன? டேப் கோணாம ஒட்டணும், அவ்வளவுதான்."

"எனக்கு இதெல்லாம் வராதே…" என்று இழுத்தார்.

"ரெண்டு நாள்ல வந்துடும்ங்க. இப்படி மாத்துறதுக்குக் கட்டணமும் இல்ல," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மாலை ஆறு மணிக்கு எங்கள் கூடத்தில் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வருமாம். அன்றுதான் பார்த்தேன்.

அவர் திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயோ, கால் உயிர் போகுது. அந்த மெஷினைக் கொஞ்சம் குடேன்."

"இருங்க, இன்னும் கால் மணி நேரம் ஓடும்," என்றேன், காலை எடுக்காமல். "வேணும்னா அந்தப் பெட்டி மேல உக்காருங்க. சும்மாத்தானே வந்துச்சு."