ஒரு நாளைக்கு ஒரு ‘ஏலலை’

எங்கள் உப்பளத்தில் களைப்புக்கு நாலு சொல் உண்டு. உப்பு வாருவது இரண்டிரண்டு பெண்களாகத்தான். ஒருத்தி ஓலைப்பெட்டியில் வாரி மற்றவள் தலையில் ஏற்றிவிடுவாள், அவள் வரப்போடு நடந்து அம்பாரத்தில் கொட்டிவிட்டு வருவாள். மத்தியானச் சங்கு ஊதினதும் சுமந்தவள் வாருவாள், வாரினவள் சுமப்பாள். ஏற்றிவிடுகிறவள் ஒவ்வொரு தடவையும் “எப்படிளா?” என்று கேட்டாக வேண்டும். ‘அலுப்பு’ என்றால் பெட்டி நிறைய. அலுப்பு யாருக்குத்தான் இல்லை? ‘அசதி’ என்றால் நாலு விரல்கடை குறைய. ‘கிறக்கம்’ என்றால் பாதிப் பெட்டி. ‘ஏலலை’ என்று சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. அவள் போய் உடைமரத்தடியில் படுத்துக்கொள்ளலாம், அவள் பங்கையும் கூட்டாளியே சுமப்பாள்.

தளவாய் கங்காணி இதைக் கண்டும் காணாமல் இருந்தார். ஆனால் ஒரு சோடிக்கு ஒரு நாளைக்கு ஒரு ஏலலைதான். இரண்டாவது தடவை கேட்டால் இருவருக்கும் மறுநாள் வேலை இல்லை.

என் கூட்டாளி சுடலைமாடத்தி. என்னைவிட ஆறு வயது இளையவள். புருஷன் பர்மாவுக்குப் போனவன், சண்டை வந்தபின் சேதி இல்லை. மூன்று பிள்ளைகள். வாயில் அலுப்பைத் தவிர வேறு சொல் வராது. பெருமைக்காரி என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நாற்பத்துநாலு சித்திரை. துறைமுகத்தில் தோணிகள் காத்துக் கிடந்தன, கங்காணி காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். ஒரு நாள் மத்தியானம் மாடத்தி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். கருவாடு வைத்திருக்கிறாள், எனக்குக் கொடுக்க மனசில்லாமல் ஒளித்துத் தின்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் புத்தி அப்படி. இரா முழுக்க அந்தக் கருவாட்டையே மென்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பத்து நடைகூட ஆகவில்லை. “எப்படிக்கா?” என்று கேட்டாள்.

“ஏலலைளா” என்றேன்.

எனக்கு ஒரு கேடும் இல்லை. குத்துக்கல் மாதிரி இருந்தேன். அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். “சரிக்கா, போய்ப் படுங்க” என்று மட்டும் சொன்னாள். மரத்தடியில் கிடந்தபடி அவள் எனக்கும் சேர்த்துச் சுமப்பதைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன செய்ய?

மத்தியானச் சங்கு ஊதியதும் எழுந்து வந்து உப்பு வாரினேன். “எப்படிளா?”

“லேசா கிறக்கமா இருக்குக்கா.”

அவள் வாயில் அந்தச் சொல்லை அதுவரை நான் கேட்டதில்லை. உதடு வெளுத்திருந்தது. கால் இரண்டும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அது கிறக்கம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு உள்ள ஏலலையை நான் தின்று தீர்த்திருந்தேன். “நீ படுளா, கங்காணி அண்ணாச்சிகிட்ட நான் சண்டை போட்டுக்கிடுதேன்” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பங்கையும் நான் சுமக்க வேண்டும், காலையில் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். முறைப்படி பாதிப் பெட்டி வாரித் தலையில் ஏற்றிவிட்டேன்.

மூன்றாவது நடையில் அம்பாரத்துச் சரிவில் முகம் குப்புற விழுந்தாள். தூக்கியபோது மூச்சு இல்லை. கன்னமெல்லாம் உப்பு ஒட்டியிருந்தது.

அவள் தூக்குச்சட்டியை நான்தான் திறந்தேன். வெறும் கஞ்சித்தண்ணீர். ஒரு பருக்கை இல்லை. இருந்ததைப் பிள்ளைகளுக்கு வடித்துப் போட்டுவிட்டு, அந்தத் தண்ணீரை நான் பார்த்துவிடக்கூடாது என்றுதான் முதுகைக் காட்டியிருக்கிறாள்.

நாலு வருஷம் ஆகிவிட்டது. இப்போது என் கூட்டாளி முத்துக்கனி. “என்னக்கா, காய்ச்சலோட வந்தாலும் ஏலலைன்னு சொல்ல மாட்டேங்கியளே” என்று அலுத்துக்கொள்வாள். தனக்கும் அந்தச் சொல்லை நான் விட்டுக்கொடுப்பதில்லை என்று அவளுக்கு என் மேல் கோபம்கூட. அவளுக்கு முடியாத நாளில் அவள் கேட்கும் முன்பே படுக்கச் சொல்லிவிட்டு, கங்காணியிடம் வசவு வாங்கிக்கொண்டு இரண்டு பங்கும் சுமக்கிறேன். அந்தச் சொல் மட்டும் செலவாகக் கூடாது.

ஏனென்றால் மத்தியானச் சங்கு ஊதினதும் மாடத்தி வந்துவிடுகிறாள். தினமும். நான் குனிந்து வாரும்போது வெள்ளைப் பாத்தியில் இரண்டு வெடித்த பாதம் என் முன்னால் வந்து நிற்கிறது. நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“எப்படிளா?” என்று கேட்கிறேன். “இன்னைக்கு நான் தொடலைளா மாடத்தி. முழுசா உனக்குத்தான் இருக்கு. சொல்லிட்டுப் போய்ப் படு, தாயி.”

அந்தப் பாதம் தள்ளாடுகிறது.

“லேசா கிறக்கந்தான்க்கா” என்கிறாள்.

நான் பாதிப் பெட்டி வாருகிறேன்.