செல்வப்பிரியாவின் வண்டி

சுருளிவேல் படுதாவை உருவிப் போட்டுவிட்டு வண்டியின் சாவியைத் திருகினார். விளக்கு எரியவில்லை. ஹாரனை அழுத்தினார். தொண்டை கட்டியதுபோல ஒருமுறை முனகி அடங்கியது.

வீட்டுக்குள் மனைவி செல்வப்பிரியாவைக் கிடத்தியிருந்தார்கள். விடிகாலையில் உயிர் பிரிந்திருந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் மௌனிகா குமுளி வரை வந்துவிட்டாள். அங்கிருந்து இங்கே ஆனைக்கரைக்கு வரும் சாலையில் மண் சரிந்து கிடந்தது. காரோ ஜீப்போ வர வழியில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்குள் ஒரு பாதை உண்டு. அந்தச் சேற்று மேட்டில் ஸ்கூட்டர் ஏறாது. ஏறிப் பழகியது இந்தப் பழைய மோட்டார் சைக்கிள்தான். இருட்டுவதற்குள் உடலை எடுத்தாக வேண்டும். அதற்கு முன் மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ், செல்வப்பிரியா. மலை முழுக்க இந்த வண்டியில்தான் சுற்றினாள். சுருளிவேலுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை, ஓட்டக் கூடாது. ஆனால் தினமும் காலையில் வண்டியைக் கிளப்பிக் கொடுப்பது அவர்தான். அவள் நோயில் விழுந்த பிறகு அது படுதாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றித் தேய்த்தார். வயர் நுனிகளைச் சுரண்டி முடுக்கினார். ஹாரன் மறுபடியும் முனகியது.

பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்க்கும் சோனா வந்து நின்றாள்.

"உள்ள வந்து உக்காருங்க மாமா. இந்த நேரத்துல வண்டியப் போட்டு நோண்டிக்கிட்டு..."

"புள்ள வரணும்ல."

அவள் போகவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பாவுக்குப் பேச்சு நின்னு போச்சுல்ல. ஆனா இந்த வண்டிச் சத்தம் வளைவுல கேட்டுச்சுன்னா தலையத் திருப்பிருவாரு. நல்ல சட்டையப் போட்டு விடுன்னு கண்ணாலயே சொல்லுவாரு. அக்கா வந்து புண்ணைத் தொடைக்கிறப்ப முகத்தச் சுழிக்கவே மாட்டாரு."

ஸ்பேனரைப் பிடித்திருந்த கை நின்றது. செல்வப்பிரியா இதையெல்லாம் வீட்டில் சொன்னதில்லை. சாயங்காலம் வந்து, சேற்றுக் காலைக் கழுவி, உலை வைப்பாள். அவ்வளவுதான்.

அடுத்த வீட்டு மலையாளி சிஜு குனிந்து பார்த்தான்.

"அண்ணே, பேட்டரி செத்து..." என்று தொடங்கியவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சார்ஜ் எறங்கிருக்கு," என்றார் சுருளிவேல். "ஒன் ஜீப்பக் கொஞ்சம் கிட்டக் கொண்டா."

ஜீப் பேட்டரியிலிருந்து இரண்டு வயர்களை இழுத்து, பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று கொடுத்தார்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆனால் உதைத்த உதைக்கு இன்ஜின் இருமியதோடு சரி. பிளக்கைக் கழற்றினார். பெட்ரோலில் நனைந்து கரிபிடித்திருந்தது. சுரண்டித் துடைத்து, சட்டைக்குள் வைத்து ஈரம் போக்கி மாட்டினார். தூறலில் அவர் தலை நனைந்துகொண்டிருந்தது. யாரோ பின்னால் வந்து குடை பிடித்தார்கள்.

மூச்சைப் பிடித்து உதைத்தார்.

வண்டி பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் முற்றத்தில் பரவியதும் உள்ளே அழுகை நின்றது. உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்துகொண்டார்கள். யாரும் எழச் சொல்லவில்லை.

வயரைக் கழற்றியதும் சிஜு அதில் ஏறி மௌனிகாவை அழைத்துவரப் போனான்.

வெகுநேரம் கழித்து, கீழே தோட்டத்துக்குள் சத்தம் கேட்டது. சுருளிவேல் முற்றத்து ஓரத்தில் நின்று பார்த்தார். வண்டி ஏற ஏற, பாதையோரத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒரு வாசலில் குடை விரிந்தது. அதற்கு மேல் இன்னொரு வாசலில் ஒருவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சுருளிவேல் தோளில் கிடந்த துண்டை எடுத்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

முற்றத்தில் வந்து நின்ற வண்டியை ஓட்டி வந்தது மௌனிகா. பின்னால் அவள் பையைக் கட்டிப் பிடித்தபடி சிஜு.

"அந்த மேட்டுல என்னால ஏத்த முடியல அண்ணே. மோளு வாங்கி ஓட்டிட்டா," என்றான்.

சுருளிவேல் மகளைப் பார்த்தார். முழங்கால் வரை சேறு. வண்டியை அணைக்க அவள் கை சாவிக்குப் போனது.

"வேணாம்த்தா. ஓடட்டும். நீ உள்ள போ."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சுருளிவேல் வண்டி சாயாமல் இருக்கையில் கை வைத்து நின்றார். தூறல் சூடான சைலன்சரில் விழுந்து, ஆவியாக எழுந்துகொண்டிருந்தது.