பெரியவர் கொடுத்த கார்

கார் படுத்துக் கிடந்தது. இரவெல்லாம் அதன் காற்றுப் பைகள் மெல்ல இளைத்து, விடிகிற நேரத்தில் வயிறு தரையில் முட்டுகிற அளவுக்கு இறங்கிவிடும். வாசு வாளியை ஓரமாக வைத்துவிட்டுச் சாவியைப் போட்டுத் திருகினார். அடியில் எங்கோ ஒரு சின்ன மோட்டார் முனகியது. முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம் என்று, மாடு எழுந்திருப்பது போலக் கார் எழுந்து நின்றது. இன்றைக்கு அதைத் தொடவே கூடாது என்று மேல்மாடி ஜபருல்லா தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தான். வாசு தொட்டுவிட்டார்.

சுங்கை பினாங் அடுக்குமாடியின் கீழே இருந்த குழாயிலிருந்து வாளி வாளியாகத் தூக்கினார், வலது கையால் மட்டும். இடது கையில், ரத்தம் சுத்தம் செய்ய ஊசி ஏற்றுகிற நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது. சட்டைப் பையில் ஒரு சின்னப் போத்தல். ஒரு நாளைக்கு அவர் குடிக்கலாம் என்று டாக்டர் அளந்து சொன்ன தண்ணீர் அவ்வளவுதான். கார் மேல் வழிந்தோடும் தண்ணீரைப் பார்க்கப் பார்க்க நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூடியைத் திறந்து உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டார்.

பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முன்பெல்லாம் நின்று, சாப்பிட்டாச்சா என்று கேட்டவர்கள்தான். இப்போது, முதலாளியைக் கூப்பிடுவது போல, தவுக்கே கார் பளபளக்கிறதே என்று ஒரு கிண்டலை வீசிவிட்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள். தீபாவளிக்குக் குடியிருப்போர் சங்கம் தனிக்கட்டைகளுக்கெல்லாம் அரிசி கொடுத்தபோது அவர் கதவை யாரும் தட்டவில்லை. இத்தனை பெரிய கார் வைத்திருக்கிறவனுக்கு அரிசி எதற்கு? மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் சாந்தினிக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. வாரம் முழுக்க ஒருத்தரும் வந்து உட்காராமல் வீட்டு நாற்காலியில் தூசி படிந்ததுண்டு. அந்தத் தனிமையை அவரால் தாங்க முடியவில்லை. காரிடம்தான் காலையில் இரண்டு வார்த்தை பேசுவார்.

கார் முத்துவீரப்பச் செட்டியாருடையது. கெலுகோர் வீட்டில் வாசு நாற்பது வருட ஓட்டுநர். இதைக் கடையிலிருந்து எடுத்த நாள் முதல் வேறு யாரும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் பெரியவர் கூப்பிட்டு, இரண்டு கையாலும் சாவியை எடுத்து நீட்டினார். "இத வித்துடாத வாசு. உங்கிட்ட இருந்தாத்தான் நல்லா இருக்கும்" என்றார். வாசு குனிந்து வாங்கிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. இத்தனை வருட வேலைக்குக் கடைசியில் என்ன கிடைக்கும் என்று, சாகக் கிடக்கிற மனிதரிடம் வாய் திறந்து கேட்க யாருக்கு மனம் வரும்?

பெரியவர் போன பிறகு மகன் ராம்நாத் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டார். வாசுவின் வேலை அதோடு முடிந்தது. பழைய காரை வாசுவின் பெயருக்கு மாற்றுவதற்கு முன்னால், அதன் ராசியான நம்பரை மட்டும் ராம்நாத் தன் புதுக் காருக்கு மாற்றிக்கொண்டார். சந்தையில் காரைவிட அந்த நம்பருக்குத்தான் கிராக்கி. யார் ஞாபகத்திலும் நிற்காத ஒரு புது நம்பரோடு கார் சுங்கை பினாங் வந்து சேர்ந்தது. அவ்வளவு பெரிய எஞ்சினுக்குச் சாலை வரி கட்ட வாசுவால் எப்படி முடியும்? வரி முடிந்த நாளோடு அது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

சிறுநீரகம் இரண்டும் கெட்டது போன வருடம். போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, தொழிலாளர் காப்புறுதி சொக்சோ இருக்கிறதா என்பதுதான். முதலாளி மாதாமாதம் கட்டியிருந்தால் சிகிச்சைச் செலவை அது பார்த்துக்கொண்டிருக்கும். வாசு வீட்டு வேலைக்காரர் கணக்கில் இருந்தவர், அதனால் யாரும் கட்டவில்லை. சாந்தினி அனுப்புகிற பணத்தில் ரத்தம் சுத்தம் செய்கிற தனியார் நிலையத்துக்குப் போய்வந்தார். வாரம் மூன்று தடவை செய்ய வேண்டியதை இரண்டோடு நிறுத்திக்கொண்டார். தவறுகிற நாட்களில் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். மகளிடம் மூன்று தடவையும் போவதாகவே சொல்லி வைத்திருந்தார்.

இப்போது ஒரு தர்ம நிலையத்தில் ஓர் இடம் காலியாகியிருந்தது. ஏழைகளுக்கு அங்கே அநேகமாக இலவசம். வீட்டு நிலைமையைப் பார்க்க அங்கிருந்து காமினி என்ற பெண் வரப்போகிறாள் என்று தெரிந்ததும் ஜபருல்லாதான் யோசனை சொன்னான். பழுதான கார்களைக் கட்டி இழுக்கும் லாரி ஓட்டுகிறவன் அவன், விவரம் தெரிந்தவன். அவள் வந்து போகிறவரைக்கும் காரைக் கழுவவும் கூடாது, எழுப்பவும் கூடாது, காக்கை எச்சமும் சருகுமாகக் கிடந்தால் ஓடாத வண்டி என்று பார்த்ததுமே தெரியும் என்றான். வாசுவும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். இன்று காலை வீட்டைக் கூட்டினார், நாற்காலியைத் துடைத்தார், பிஸ்கட் வாங்கி வைத்தார். எத்தனை நாள் கழித்து வீட்டுக்கு ஓர் ஆள் வருகிறது! பிறகு நடைபாதையிலிருந்து கீழே எட்டிப் பார்த்தார். எச்சம் வழிந்த காரைப் பார்க்க, தானே குளிக்காமல் அழுக்கு வேட்டியோடு விருந்தாளி முன்னால் நிற்பது போலக் கூச்சமாக இருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

காமினி சின்னப் பெண், நல்ல பெண். பிஸ்கட்டைத் தின்றாள், சாந்தினியைப் பற்றிக் கேட்டாள், வீங்கிய காலைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. வழியனுப்பக் கீழே வந்தபோது வெயிலில் கார் கண்ணைப் பறித்தது. யாருடைய காடி என்று கேட்டாள். வாசு மறைக்காமல் சொன்னார். வரி இல்லை, ஓடுவதில்லை, பெட்ரோலுக்கு வழியில்லை என்று விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டே போனை எடுத்துப் படம் பிடித்தாள்.

"நீங்க சொல்றத நான் நம்புறேன் அங்கிள். ஆனா கமிட்டி போட்டோவத்தானே பாக்கும்? அழுக்கா கெடந்திருந்தாகூட நான் பேசிப் பாப்பேன்லா."

சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது, அதற்குள் கார் அவர் பெயரில் இல்லை என்று காட்டிவிட்டால் இடம் உறுதி, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசு அங்கேயே நின்றார். தோளில் இன்னும் காரைத் துடைத்த துணி கிடந்தது.

மறுநாள் பஸ் ஏறிக் கெலுகோர் போனார். வீட்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். ராம்நாத்தின் மகள் ஸ்ரீநிதிக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். காரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி வாசு கேட்டார். தன் உடம்பைப் பற்றியும் தர்ம நிலையத்தைப் பற்றியும் தட்டுத் தடுமாறிச் சொன்னார். ராம்நாத்துக்குப் பாதி காது பந்தல்காரரிடம் இருந்தது. அப்பா ஆசையாகக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கூடைப் பழம் கொடுத்தனுப்பினார். வாழைப்பழம், ஆரஞ்சு, எல்லாமே சிறுநீரகக்காரர் வாயில் வைக்கக் கூடாத பழங்கள். வாசு அதை அப்படியே ஜபருல்லா பிள்ளைகளிடம் கொடுத்தார். பிறகு அவனிடம், வெட்டி உதிரியாக விற்கிற பட்டறைக்கே காரைக் கொண்டுபோய்விடலாம் என்றார். அதைச் சொல்லும்போது பெரியவர் முகம் கண் முன்னால் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் ஜபருல்லா லாரியைப் பின்னுக்கு எடுத்து, காரின் முன்பக்கம் கொக்கியை மாட்டினான். சங்கிலி இறுகியது. முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்புகிற நேரம் வாசுவின் போன் அடித்தது. ராம்நாத்.

"வாசண்ணே, ஸ்ரீநிதி தாத்தா காடியிலதான் கோயிலுக்குப் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. ரோட்டெக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் இன்னிக்கே நான் எடுத்துடுறேன். நீங்கதான் ஓட்டணும். வேற யாரு கை வச்சாலும் அது கேக்காதுண்ணே."

கார் இல்லை, போய்விட்டது என்று சொல்ல வாசுவுக்கு ஒரு நொடி போதும். சொல்லத்தான் நினைத்தார். ராம்நாத்தை அரைக்கால் சட்டையில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட நாளிலிருந்து அந்த வீட்டுக்கு இல்லை என்று சொல்லிப் பழகாத வாய்.

"சரி தம்பி" என்றார்.

ஜபருல்லா சங்கிலியைப் பிடித்தபடி அவரையே பார்த்தான். "உங்களுக்கு உசுரு பெருசா, காடி பெருசா? ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே, இப்பவே இழுத்துட்டுப் போயிடுறேன்."

கல்யாணம் முடியட்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார் வாசு. ஜபருல்லா கொக்கியைக் கழற்றி லாரியில் விட்டெறிந்தான். வாசு காமினியைக் கூப்பிட்டு நாலு நாள் அவகாசம் கேட்டார். கேட்டுப் பார்க்கிறேன் அங்கிள் என்றாள். அவள் குரலில் தெம்பு இல்லை.

சனிக்கிழமை ரத்தம் சுத்தம் செய்யப் போக வேண்டிய நேரத்தில் காருக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை முழுக்கைச் சட்டை போட்டு, கையில் புடைத்திருந்ததை மறைத்துக்கொண்டார். காலணிக்குள் கால் நுழையவில்லை. நாடாவை அவிழ்த்துவிட்டு அழுத்தி நுழைத்தார். கெலுகோர் வீட்டு வாசலில் காருக்கு மாலை போட்டார்கள். படம் நன்றாக வர வேண்டும் என்று, ராசியான பழைய நம்பரை அட்டையில் அச்சடித்துக் கொண்டுவந்து இப்போதைய நம்பர் மேல் ஒட்டினார்கள். வாசு பின்கதவைத் திறந்து பிடித்தார். பொண்ணும் தோழியும் ஏறினார்கள். ராம்நாத் முன்னால் உட்கார்ந்து, இருக்கையின் தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

தண்ணீர்மலைப் பக்கம் ரோடு ஏற ஆரம்பித்ததும் சூடு காட்டும் முள்ளும் ஏறியது. எங்கோ தண்ணீர் கசிகிறது. ஏர்கானை நிறுத்தினால் எஞ்சினுக்குக் கொஞ்சம் மூச்சு வரும், ஆனால் பொண்ணுக்குப் பட்டுச் சேலையில் வேர்க்கும் என்று நிறுத்தவில்லை. அவருக்கே மூச்சு வாங்கியது. முள் சிவப்பைத் தொடுவதற்குள் கோயில் வாசல் வந்துவிட்டது.

மரத்தடியில் காரை ஓரம் கட்டினார். உறவுக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ராம்நாத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"பதினேழு வருஷம். எஞ்சின் பக்கம் கையே வைக்கல. இன்னும் பத்து வருஷம் ஆனாலும் இத அசைக்க முடியாது" என்று பானெட்டைத் தட்டிக் காட்டினார். எல்லாரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். நாதசுரம் கேட்டது.

அப்போதுதான் காமினி கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், மனசு கேட்காமல் கூப்பிட்டிருந்தாள்.

"அங்கிள், சாரி. நேத்தே முடிவு பண்ணிட்டாங்க. காடி நம்பரப் போட்டுப் பாத்திருக்காங்க. உங்க பேர்ல புதுசா ரோட்டெக்ஸ் எடுத்திருக்கே, வசதி இல்லாதவரு எப்படி எடுப்பாருன்னு கேக்குறாங்க. அந்த எடத்த அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

பரவாயில்லை அம்மா என்றார் வாசு. அவளுக்கு ஆறுதல் சொல்வது போலத்தான் அது இருந்தது. சாந்தினியிடம் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த சின்னப் போத்தல் எப்போதோ காலி.

கோயில் மண்டபத்துப் பையன் ஒருவன் ஓடிவந்து பெரிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கையில் திணித்தான். ராம்நாத் கொடுக்கச் சொன்னாராம், வெயிலில் நிற்கிறாரே, நல்லா குடிக்கட்டும் என்றாராம். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த போத்தல், மேலெல்லாம் வேர்த்திருந்தது. வாசு அதைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு பானெட்டைத் திறந்தார். எஞ்சின் ஆறும்வரை, போத்தலின் குளிர் போகும்வரை காத்திருந்தார். சூட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் எஞ்சினுக்கு ஆகாது. ரேடியேட்டர் மூடி மேல் துணியைப் போட்டு மெல்லத் திருகினார். ஆவி சீறி அடங்கியது. போத்தலைச் சாய்த்தார். கார் மடக் மடக்கென்று குடித்தது. இன்னும் இன்னும் என்று கேட்டது. முழுப் போத்தலையும் அதற்கே ஊற்றினார்.

கோயிலுக்குள் கெட்டிமேளம் ஓய்ந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் படியிறங்கி வந்தார்கள். வாசு போத்தல் மூடியில் ஒட்டியிருந்த துளியை நாக்கில் விட்டுக்கொண்டு, பானெட்டைச் சாத்திவிட்டு, ஓட முடியாத காலோடு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தார்.