இரண்டு கட்டத்திலும் டிக்

அக்காவுக்கு நீதிமன்றத்தில் வேலை. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவுகளை நேரில் போய் நிறைவேற்றுவாள். தங்கை பல்கலைக்கழகத்தில் மனித மனத்தை ஆராய்பவள். 'சட்டம்' என்றதும் மனசு எதைத் தேடுகிறது, விதிமுறையையா நியாயத்தையா? இந்த வருடம் முழுக்க அவளுக்கு அதே யோசனைதான்.

கேள்வித்தாள் தயாரானதும் முதலில் அக்காவிடம் நீட்டினாள். அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

'முறைப்படி பிறப்பித்த ஆணை, ஆனால் அநியாயமானது. அது சட்டமா?'

அக்கா 'ஆம்' கட்டத்திலும் டிக் போட்டாள், 'இல்லை' கட்டத்திலும் போட்டாள்.

"ஒண்ணுதான் போடணும்க்கா. ரெண்டும் போட்டா செல்லாது."

"செல்லாமப் போகட்டும்."

"விளையாடாதேக்கா."

"இன்னிக்கு ஒரு வீட்டுக்குப் போனேன்டி. குழந்தைக்கு அனலாக் கொதிக்குது. அம்மாக்காரி ஈரத்துணியும் கையுமா வந்து கதவைத் திறக்கிறா. உத்தரவைப் படிச்சுக் காட்டினேன், கையெழுத்து வாங்கினேன். அது சட்டம். அப்புறம் சாமான் ஏத்த வந்த லாரியைத் திருப்பி அனுப்பிட்டேன். அந்த நேரத்துல அது எனக்குச் சட்டமாவே படலை. எந்தக் கட்டத்துல டிக் போடச் சொல்றே?"

தங்கை கேள்வித்தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மறுநாள் அந்த ஒரு கேள்வியை இரண்டாகப் பிரித்தாள்: 'ஒரு வகையில் அது சட்டம்தானா?' 'இன்னொரு வகையில், உண்மையில் அது சட்டமே இல்லை எனலாமா?' இருநூறு பேரிடம் கேட்டதில் பாதிப் பேருக்கு மேல் இரண்டுக்கும் 'ஆம்' என்றார்கள். யாரும் குழம்பவில்லை. குழம்பியது தன் கேள்வித்தாள்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

குழந்தை தேறியதும் அந்தக் குடும்பம் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டது. லாரியைத் திருப்பியதற்கு விளக்கம் கேட்டு அக்காவுக்கு மெமோ வந்தது.

"நீ செஞ்சது நியாயம்னு எழுதுக்கா!"

"நியாயம்தான். ஆனா லாரியைத் திருப்ப எனக்கு அதிகாரம் இல்லையே. அதை எப்படி மறுக்கிறது?"

தப்பை ஒப்புக்கொண்டு நாலு வரி எழுதிக் கொடுத்தாள். பழைய கோப்புகளை அடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். முதல் நாள் தும்மிக்கொண்டே வீடு திரும்பினாள்.

"நல்லதாப் போச்சு, இனி யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம்," என்றாள் தங்கை, தட்டில் சோற்றைப் போட்டபடி. "உன் இடத்துக்கு யார் வந்திருக்காங்க?"

"ஒருத்தர். ரொம்பக் கறாரான ஆளாம்."

சொல்லிவிட்டு அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.