முதுகு காட்டி நிற்கும் தேர்வு

முப்பது வருஷம் ஜெர்மனியின் பிரேமன் நகரத்தில் டிராம் ஓட்டியவள் நான். தண்டவாளத்தின் குறுக்கே எந்தக் கொம்பன் வந்து நின்றாலும் மணியடித்து விரட்டியிருக்கிறேன். இந்த ஃபோல்கெர்ட் எனக்கு எம்மாத்திரம்?

எங்கள் நாய்ப் பயிற்சி மன்றத்தில் அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். நாய் சொன்னபடி கேட்கவில்லையா, கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழு என்பார். மனுஷனுக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். நான் மாட்டேன் என்றேன்.

"பிஸ்கட்டைக் காட்டிக் கெஞ்சறதுக்குப் பேரு பயிற்சியா, இம்கே? உன் நாய் ஜென்மத்துக்கும் தேறாது" என்றார், எல்லோர் முன்னாலும்.

"பார்க்கத்தானே போற" என்றேன்.

தேறியே ஆக வேண்டியிருந்தது. போன வருஷம் என் நாய் கூனோ ஒரு சைக்கிள்காரரின் கால்சட்டையைக் கிழித்துவிட்டான். அன்றிலிருந்து நகராட்சி உத்தரவு: வீட்டுப் படி இறங்கினால் அவன் வாயில் கூண்டு மாட்ட வேண்டும். கீழ்ப்படிதல் தேர்வில் தேறினால்தான் அதைக் கழற்றலாம். பந்தென்றால் உயிரை விடுவான் அவன். கூண்டோடு அதை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பான். ஒன்பது வயதாகிவிட்டது அவனுக்கு. தேர்வோ வருஷத்துக்கு ஒரு தரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தூறல். வெளியூரிலிருந்து ஆலர்ஸ் என்கிற அம்மா நடுவராக வந்திருந்தார். உட்கார், நில், கூப்பிட்டால் வா, எல்லாம் கச்சிதமாகச் செய்தான் கூனோ. கடைசிப் பகுதி பாக்கி. நாயைப் படுக்கவைத்துவிட்டு முப்பது தப்படி தள்ளிப் போய் அதற்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். அந்த நேரத்தில் இன்னொருவர் தன் நாயோடு மைதானத்தைச் சுற்றுவார். நாய் எழுந்தாலும் தோல்வி; நடுவர் சொல்லுமுன் நான் திரும்பினாலும் தோல்வி.

சுற்றியது ஃபோல்கெர்ட்டேதான், தன் பெண் நாய் அஸ்ட்ராவோடு. தேர்வில் சங்கிலி கூடாது, கழற்றியிருந்தார். சற்று நேரத்தில் வேலியோரம் ஒரே சிரிப்பு.

"அட, அஸ்ட்ரா போய்க் கூனோ பக்கத்துல படுத்துக்கிச்சுடா!"

"வாடி இங்க!" என்று கத்தினார் ஃபோல்கெர்ட். அவள் வரவில்லை. கூனோவும் எழவில்லை. என் கட்டித்தங்கம்!

"உங்க சுற்று முடிஞ்சுது ஃபோல்கெர்ட், நாயைக் கூட்டிட்டுப் போங்க" என்றார் ஆலர்ஸ் அம்மா. "இம்கே, நீங்க நில்லுங்க. இன்னும் ஒரே நிமிஷம்."

எனக்குப் பின்னால் சங்கிலி குலுங்கியது; ஃபோல்கெர்ட் அதை மறுபடி மாட்டிவிட்டார். அஸ்ட்ரா கீச்சென்று கத்தினாள். இன்னொரு தரம். வேலியோரம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், கூனோவுக்காக. மூன்றாம் தரம் அவளுக்குக் குரலே வரவில்லை, தொண்டை அடைத்த சத்தம்தான் வந்தது.

திரும்பிவிட்டேன்.

"சங்கிலியை விடுய்யா!" என்று டிராமே நின்றுவிடும் குரலில் கத்திக்கொண்டு போய், அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அஸ்ட்ரா நடுங்கிக்கொண்டிருந்தாள். கூனோ அப்போதும் படுத்தபடியே இருந்தான்.

ஆலர்ஸ் அம்மா தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். "நாய் தேறிடுச்சும்மா. நீங்கதான் தோத்துட்டீங்க. விதியை நான் மாத்த முடியாது."

ஃபோல்கெர்ட்டுக்கு வாயெல்லாம் பல். "ஒரு நிமிஷம் சும்மா நின்னிருக்கலாம்ல? இப்ப இன்னும் ஒரு வருஷம் கூண்டு!"

தேர்வுக்காகக் கழற்றிய கூண்டைக் கூனோவுக்கு மறுபடி மாட்டினேன். அதற்கு அவனே மூக்கை நீட்டிக் காட்டியபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

"கூண்டு அவன் வாய்க்குத்தான்யா, என் வாய்க்கு இல்ல" என்றேன். "மன்றச் செயலாளர் எங்க? ஒரு காகிதம் குடுங்க. இங்க நடந்ததைப் புகாரா எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."