இசோபே அம்மாவின் வாளில் ஒரு மயிரிழை

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுத்தாளன் இல்லை. ஜப்பானில், ஓசாஃபுனே என்ற ஊரில் வாள் தீட்டுகிறவன். எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தின் செயலாளர், "நொஸே, புது வாள் ஒண்ணைப் பத்தி மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுப்பா" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

"யோஷீ ஆற்றின் மேல் மூடுபனி தவழ்ந்த அந்தக் காலையில், புத்தம் புதிய வாள் ஒன்று…"

[அடித்துவிட்டேன். அன்று மூடுபனி இல்லை. மழை. என் கொட்டகை ஒழுகிக்கொண்டிருந்தது.]

2

அந்த வாள் அடிக்கப்பட்டது இசோபே சிஸுரு என்ற அம்மாவுக்காக. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் சோறாக்கி ஓய்வுபெற்றவர்.

வாசகர் நம்பமாட்டார், டாக்டர் என்று மாற்றிவிடு என்றார் செயலாளர். மாற்றிப் பார்த்தேன். அந்த டாக்டர் வாளைக் கையில் எடுத்தால் என்ன சொல்வார் என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இசோபே அம்மா சொன்னது நினைவிருக்கிறது. கண்காட்சியில் எங்கள் ஊர்க் கொல்லர் முராகி கென்ஸோ அடித்த வாள் ஒன்றின் முன்னால் நின்று, அதன் விளிம்பில் வெள்ளையாக ஓடும் அலைக்கோட்டைப் பார்த்து, "கொதி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி தண்ணி இப்படித்தான் நடுங்கும்" என்றார்.

பின்னால் நின்ற முராகிக்கு அது கேட்டுவிட்டது. யார் யாரையோ நாலு வருஷம் காக்கவைத்த அந்த முசுடு, அங்கேயே, "உங்களுக்கு ஒண்ணு அடிச்சுத் தரேம்மா" என்றது.

(முசுடு என்று எழுதியதை அவர் படிப்பார். படிக்கட்டும்.)

3

இந்தப் பகுதியை மூன்று முறை தாண்டிப் போகப் பார்த்தேன்.

வாள் தீட்ட என்னிடம் வந்தது. பதினோராம் நாள், கட்டைவிரலடியில் மெல்லிய கல்லை வைத்துத் தேய்க்கும்போது விளிம்பில் ஒரு கோடு தெரிந்தது. மயிரிழைதான். பழுக்கக் காய்ந்த வாளைத் தண்ணீரில் இறக்கும் நொடியில் விழுகிற விரிசல் அது. எந்தக் கல்லாலும் போகாது. வாள் செத்துவிட்டது என்போம்.

நான் உடனே முராகியிடம் ஓடி

[பொய். ஓடவில்லை. இரண்டு நாள் சும்மா இருந்தேன். இன்னும் கொஞ்சம் பளபளப்பு ஏற்றினால் யார் கண்ணிலும் படாது என்றுகூட நினைத்தேன்.]

4

மூன்றாம் நாள் இருவரையும் வரச்சொன்னேன். முராகி வாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். காது சிவந்தது.

"எப்ப பார்த்தே?"

"முந்தாநாள்."

"ரெண்டு நாளா வாயில என்ன, கல்லைப் போட்டு மென்னுக்கிட்டு இருந்தியா?" என்றவர், இசோபே அம்மாவின் பக்கம் திரும்பித் தலை குனிந்தார். "மன்னிச்சிருங்கம்மா. இதை உடைச்சிட்டு வேற அடிக்கிறேன்."

"எனக்கு இதுதான் வேணும் வாத்தியாரே."

"இது வாளே இல்லம்மா. ஒரு வெட்டுக்குத் தாங்காது."

"நான் யாரை வெட்டப் போறேன்? முள்ளங்கி நறுக்க வீட்ல வேற கத்தி இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். முராகி என்னை முறைத்தார். "இதுல என் பேரை எப்படி வெட்டுவேன்?" பெயர் இன்னும் வெட்டப்படவில்லை. தீட்டி முடிந்த பிறகே வெட்டுவது அவர் வழக்கம்.

"பேரு வேணாம். சும்மா குடுங்க."

"பேரில்லாம என் பட்டறையை விட்டு ஒரு ஆணிகூட வெளிய போகாது."

இசோபே அம்மாவின் குரல் இறங்கியது. "முந்நூறு பிள்ளைங்களுக்கு ஆக்கின சோறு ஒருநாள் அடிப்பிடிச்சுப் போச்சு. நான் கொட்டலை. நானே பரிமாறினேன், நாந்தான் தீய்ச்சேன்னு சொல்லி."

"சோறு வேற, வாள் வேற."

"உங்களுக்கு வேற."

முராகி வாளைத் துணியில் சுற்றிக்கொண்டு மழையில் பட்டறைக்கு நடந்தார். இசோபே அம்மா குடையை விரித்து, அவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தபடி பின்னாலேயே போனார். நானும் போனேன். பட்டறையில் சம்மட்டியும் இருந்தது, பெயர் வெட்டும் உளியும் இருந்தது. முராகி ஒன்றைக் கையில் எடுத்தார்.

5

எதை எடுத்தார் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அதற்குள் தொலைபேசி. இசோபே அம்மா.

"நொஸே அய்யா, உடைச்சிட்டாருன்னு எழுதிருங்க. பழுது உள்ள வாளை வெளிய விட்டாருன்னு நாளைக்கு ஒருத்தன் அவரைப் பேசக் கூடாது."

மறுநாள் முராகியே வந்தார். வாசலில் நின்றபடி, "பேரு வெட்டிக் குடுத்துட்டேன்னு எழுதுப்பா. அந்தம்மா வெறுங்கையோட திரும்புச்சுன்னு சங்கத்துல எவனும் பரிதாபப்படக் கூடாது" என்றார்.

நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். இருவருக்கும் "சரி" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் நிச்சயம். எதை எழுதினாலும் அவர்களில் ஒருவர், மற்றவருக்காக, உங்களைத் திட்டுவார்.

[                              ]