வியாழக்கிழமைக்குள்

செத்துப்போன புருஷன் காத்தானின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்து ராமாயி துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, தபால்காரர் யூனுஸ் சைக்கிளை மதகோரம் சாய்த்துவிட்டு வந்தார். கூட்டத்தைக் கண்டதும் தயங்கி நின்றார்.

"அம்சவல்லிக்குப் பதிவுத் தபால். கையெழுத்துப் போடணும். நாளைக்கு வேணாலும் கொண்டாரேன்."

"குடுங்க" என்றாள் ராமாயியின் மகள் அம்சவல்லி. கையெழுத்துப் போட்டுப் பிரித்தாள். படித்துவிட்டு மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் எதுவுமே மாறாதது ராமாயிக்கு உறுத்தியது.

மத்தியானம் தூக்கினார்கள். சேரிப் பிணம் மிராசுதாரின் வயலோரமாகப் போகக் கூடாது என்று முன்பு தடை இருந்தது. அந்தப் பாதைக்கும் கூலி உயர்வுக்குமாகப் போராடிக் காத்தான் ஆறு மாதம் ஜெயிலில் இருந்தான். இன்று அந்தப் பாதையிலேயே போனான். யாரும் மறிக்கவில்லை.

எல்லாரும் குளித்துத் திரும்பியதும் ராமாயி கேட்டாள்: "என்ன தபாலு?"

"ஒண்ணுமில்லம்மா."

"சொல்லுடி."

"பெங்களூர்ல வானியல் ஆராய்ச்சிக்கு என்னை எடுத்திருக்காங்க. அஞ்சு வருஷம். சர்க்காரே உதவித்தொகை குடுத்துப் படிக்க வைக்கும். வியாழக்கிழமைக்குள்ள சேரணும். இல்லன்னா எடம் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அன்று திங்கள்.

ராமாயியின் அண்ணன் அரசப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பன் மேல போட்ட மண்ணு இன்னும் காயல. பதினாறு முடியாம எங்க போறது? ஒரத்தநாட்டுல டீச்சர் வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். நட்சத்திரத்தப் பாத்து என்னா ஆவப்போவுது?"

"நான் போவல மாமா" என்றாள் அம்சவல்லி. "அம்மாவ இந்த நெலமையில விட்டுட்டா?"

ராமாயி ஈரத்தலையை உதறி முடிந்துகொண்டாள்.

"அந்த மனுசனுக்கும் சர்க்காரு சோறு போட்டுச்சுண்ணே, ஜெயில்ல வச்சு. இப்ப அவரு பொண்ணுக்கு நட்சத்திரம் பாக்கச் சோறு போடுறேங்குது. வேணாம்னு எழுதிப் போடச் சொல்றியா? காரியத்துக்கு மவன் சாமிதுரை இருக்கான். இவ போவட்டும்."

அரசப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மகளின் துணிகளை மடித்தபடி ராமாயி கேட்டாள்: "அங்க ராவெல்லாம் முழிச்சிருக்கணுமா?"

"சில நாளு."

"அப்ப பவல்ல தூங்கிக்க."

அம்சவல்லி அப்போதுதான் உடைந்து அழுதாள். ராமாயி தடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பால் தெளித்தார்கள். புதன் காலையில் ராமாயி பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்ததும் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் ஓடிவந்தாள். "நீ எதுக்க வரக்கூடாதுக்கா, நல்ல காரியத்துக்குப் போற புள்ள."

"நான் எங்க எதுக்க வாரேன்? கூடப் போறேன்" என்று சொல்லி ராமாயி நடந்தாள்.

தஞ்சாவூர் பஸ் வந்தது. மகள் ஏறினாள். கொஞ்ச தூரம் போன பஸ், வயலுக்கு ஓட்டிப் போகும் வாத்துக்கூட்டம் சாலையைக் கடப்பதற்காக நின்றது. ஜன்னல் வழியே ஒரு கை வெளியே நீண்டது. ராமாயி இருந்த இடத்திலேயே நின்றாள். கடைசி வாத்தும் தத்தித் தத்தி வயலில் இறங்கியது. பஸ் கிளம்பி வளைவில் திரும்பும்வரை அந்தக் கை உள்ளே போகவில்லை.